படலையைத் திறந்து உள்ளே போகிற தாதி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "நீர் டொக்டர்தானே, ஏதாவது சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்" என்றார். சீனியைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள் என்று இருபது நிமிடம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வெளியே கேசரியும் வடையும் காத்திருக்கிற மண்டபத்தில் அது எடுபடாது என்று தெரியும். ஆகவே பின்வரிசையில் வெள்ளைச் சீருடையோடு இருக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். நமது பாடசாலையில் உயர்தரம் படித்துவிட்டு, சிலர் தாதியர் கல்லூரியிலும் சிலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டப்படிப்பிலும் இருக்கிறார்கள். படிப்பு முடிந்தால் எங்கே போவீர்கள் என்று காலையில் அவர்களிடம் கேட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக்கூடம், லண்டன், மெல்பேர்ண் என்று பதில் வந்தது. பொதுச் சுகாதாரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு இந்த மண்டபத்தில் இருக்கிற பலருக்கும் நினைவிருக்கும். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் தங்கியது ஒரு பாடசாலைக் கட்டடத்தில். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். இரண்டாவது கிழமையே வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு நாள் காலையில் கறுப்புக் குடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு மிஸ் வந்தார். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். அவரிடம் மருந்துப் பெட்டி என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சில ஜீவனிப் பக்கற்றுகள், ஒரு கொப்பி, ஒரு பேனை. வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே வடிவாக எழுதக்கூடிய பிள்ளை ஆர்?"

அம்மா என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டா. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் பெயர், வயது, காலையில் எத்தனை தரம் வயிற்றால் போனது, சலம் போனதா, பால் குடித்ததா என்று எழுதி வைப்பது என் வேலை. மிஸ் பின்னேரம் வந்து கொப்பியைப் பார்த்துவிட்டு, நேராக உரிய குழந்தையிடம் போவார். ஜீவனி முடிந்த நாளில் கஞ்சித் தண்ணீரில் எவ்வளவு உப்புப் போடுவது என்று தாய்மாருக்குக் காட்டிக்கொடுத்தார். கிணற்றடியில் யார் எங்கே குளிக்கலாம் என்று கயிறு கட்டினார். அதற்கு அவரோடு சண்டை பிடித்த பெரியவர்களும் உண்டு. அந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தையும் சாகவில்லை. நான் டொக்டர் ஆனதற்கு என் உயிரியல் ரீச்சர்தான் காரணம் என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன், அதுவும் உண்மை. ஆனால் முதல் காரணம் அந்தக் கொப்பி. அவர் என்ன பதவியில் இருந்தார் என்பது கூட அப்போது எனக்குத் தெரியாது. வார்ட்டும் இல்லாமல், கட்டிலும் இல்லாமல் தாதியம் செய்தவர் என்று மட்டும் இப்போது தெரிகிறது.

இந்தத் தொழிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1893இல் நியூயோர்க்கில் லிலியன் வோல்ட் என்ற தாதி, மேலே படித்து டொக்டர் ஆவதற்காக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். குடியேறிய ஏழைப் பெண்களுக்கு வீட்டுப் பராமரிப்பு வகுப்பும் எடுத்தார். ஒரு நாள் வகுப்பின் நடுவே ஒரு சிறுபிள்ளை வந்து, அம்மாவுக்குச் சுகமில்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. குழந்தை பெற்ற தாய் இரத்தம் படிந்த படுக்கையில் கிடந்தாள். பணம் கொடுக்க முடியாததால் வைத்தியர் இடையிலேயே விட்டுப் போயிருந்தார். வோல்ட் அந்தத் தாயைச் சுத்தப்படுத்தி, அறையைக் கழுவி, குழந்தைகளைப் பார்த்தார். மருத்துவக் கல்லூரிக்கு அதன்பின் அவர் திரும்பிப் போகவில்லை. பொதுச் சுகாதாரத் தாதி என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1902இல் அவருடைய ஏற்பாட்டில் லினா ரோஜர்ஸ் என்ற தாதி நியூயோர்க் பாடசாலைகளுக்குப் போனார். கண்நோய், தோல்நோய் என்று வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போய், மருந்து போட்டு, தாய்க்கும் சொல்லிக்கொடுத்து, பிள்ளையை வகுப்புக்கு மீட்டுக் கொண்டுவந்தார். டொக்டர் ஆகப் போனவர் தாதியாகத் திரும்பிய கதையை டொக்டராகிய நான் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

நமது நாட்டிலும் இது நேற்று வந்த விடயமில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வருத்தம் வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல், ஓர் எல்லைக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரு குழு பொறுப்பு என்பதுதான் அதன் அடிப்படை. இன்றைக்கு உங்கள் ஊரில் இருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அதிலிருந்து வந்ததே. 1930களில் இலங்கையில் 100,000 பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது முப்பது, நாற்பது என்ற அளவில் நிற்கிறது. ஆஸ்பத்திரி, இரத்த வங்கி, இலவசக் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவராக வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரையும், அவர்களை மேற்பார்வை செய்கிற பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியையும் எடுத்துவிட்டால் இந்தக் கணக்குச் சரிவராது.

கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் அப்படி ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வருவார். எழுபது வயது ஆச்சிக்கு ஆர் வருவது?

ஒரு ஓய்வுபெற்ற ரீச்சரின் கதையைச் சொல்கிறேன். நமது பாடசாலை ரீச்சர் இல்லை. ஊரும் பெயரும் வேண்டாம். நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவ விடுதியில் வேலை செய்தேன். அவருக்கு நீண்ட காலச் சலரோகம். காலில் சின்ன விரல் அழுகி, அதை எடுத்து, புண் ஆறத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்து மருந்து கட்ட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். முதல் கிழமை தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி கூட்டிவந்தார். பிறகு மாரி மழை பிடித்தது. தம்பிக்கு வேறு ஓட்டம். ரீச்சர் பழைய சேலையைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். தினமும் வட்ஸ்அப்பில் பேசுவார்கள். "அம்மா, கால் எப்படி?" "நல்லம், நல்லம்." வட்ஸ்அப்பில் முகம் மட்டும்தானே தெரியும்.

ஐந்து கிழமை கழித்து அவர் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. லண்டனிலிருந்து மகள் ஓடிவந்தார். அவர் அங்கே தாதி. வீடு வீடாகக் காரில் போய் முதியவர்களின் கால் புண்ணுக்கு மருந்து கட்டுவதுதான் அவருடைய வேலை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "டொக்டர், இங்கே வீட்டுக்கு வந்து பார்க்கிறதுக்கு ஒருத்தரும் இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு வருடத்துக்கு முன் நடந்தது ஞாபகம் வந்தது. எங்கள் விடுதியில் பயிற்சிக்கு வந்த ஒரு தாதிய மாணவி. எந்தப் பிரிவுக்கும் போயிருக்கக்கூடிய கெட்டிக்காரி. ஒரு நாள் இரவு வேலையில் என்னிடம், "டொக்டர், நான் பொதுச் சுகாதாரப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்றாள். நான் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "உமக்கென்ன விசரா? இவ்வளவு படிச்சுப்போட்டு ஏன் வீடு வீடாய்த் திரிய வேணும்?" அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது ஒரு வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், இந்த மலர் அங்கேயும் போய்ச் சேரும். 1995இல் ஒரு மிஸ்ஸின் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைதான் அப்படிச் சொன்னவள் என்பதை நினைக்க இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகுதான் நான் விடுதியை விட்டுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வந்தேன்.

இன்றைக்கு நம் நாட்டில் பத்து மரணங்களில் எட்டு, தொற்றா நோய்களால். மாரடைப்பு, பாரிசவாதம், சலரோகம், புற்றுநோய். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டியிருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. வடக்கில் இதற்கு மேலே ஒரு சிக்கலும் உண்டு: பிள்ளைகள் இல்லாத வீடுகள். இதை உணர்ந்துதான் ஆரம்ப வைத்தியப் பராமரிப்புப் பிரிவுகளோடு இணைத்து பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி வந்திருக்கிறது. ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரசர், சீனி பார்ப்பது, கிளினிக்குக்கு வராமல் விட்டவரைத் தேடிப் போவது, படுக்கையில் இருப்பவரை வீட்டில் பார்ப்பது, கடைசிக் காலத்தில் வலியோடு இருப்பவருக்குத் துணை நிற்பது எல்லாம் அவருடைய வேலை. பதவி இருக்கிறது. அதற்கு விரும்பி வருகிற பிள்ளைகள்தான் குறைவு.

ஏன் குறைவு? பணம் ஒரு காரணம். ஆஸ்பத்திரியில் ஓவர்ரைம் உண்டு, களத்தில் அந்தளவு இல்லை. வெயில், நாய், கலியாணம் பேசும்போது "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்கிற மாமிமார், இவையும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம், பிள்ளைகள் அந்த வேலையைக் கண்ணால் காணவே இல்லை என்பது. சமுதாயப் பயிற்சி என்று சில கிழமை எங்களிடம் வருவார்கள். குழந்தைகளை நிறுப்பார்கள், பதிவேட்டில் கோடு போடுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வீட்டின் குசினிக்குள் போயிருக்க மாட்டார்கள். இதில் டொக்டர்மாராகிய எங்கள் பிழை பெரிது. களத்துத் தாதியைப் பதிவேடு எழுதுகிறவராகத்தான் பல காலம் நடத்தினோம்.

இரண்டு வருடத்துக்கு முன் நமது சங்கத்தின் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலை தொடங்கினோம். மாதம் ஒரு சனிக்கிழமை, விரும்பிய தாதிய மாணவிகளைப் பொதுச் சுகாதாரத் தாதி ஒருவரோடு வீடுகளுக்கு அனுப்புவது. ஒரு நிபந்தனை: இருவர் இருவராகப் போக வேண்டும், ஒரே வீட்டுக்கு மூன்று தரம் போக வேண்டும். முதல் தரம் போனால், "எல்லாம் நல்லம் பிள்ளை" என்பார்கள். இரண்டாம் தரம் தேத்தண்ணி வரும். மூன்றாம் தரம்தான் அலுமாரிக்கு மேலே இருக்கிற பிஸ்கட் ரின் இறங்கி வரும். அதற்குள் மூன்று கிளினிக் மருந்து இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரையும் தனியார் வைத்தியர் வேறு பெயரில் எழுதிய அதே மாத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஆச்சி இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குத் தலை சுற்றி விழுவா. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் சன்னல் கட்டில் வெயிலில் இருக்கும். மண்பானைக்குள் வைக்கலாம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை மூன்றாம் முறை போய்வந்து என்னிடம் சொன்னாள்: "டொக்டர், வார்ட்டில் நான் ஒரு வருசம் இன்சுலின் ஊசி போட்டனான். அது வீட்டில் எங்கே இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கேல்லை."

இன்னொன்றும் கண்டோம். இவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள். பரீட்சையில் பாத நரம்புப் பாதிப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவார்கள். ஆச்சிக்கு முன்னால் வாய் கட்டிப்போகும். "செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறியளோ?" என்று கேட்டால் போதும் என்பது அவர்களுக்குப் புதுப் பாடம். இதைச் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர் வருகிறார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கண்டிப்பு.

வந்தவர்கள் எல்லோரும் பொதுச் சுகாதாரத்துக்குப் போய்விடவில்லை. மூன்று பேர் அந்தப் பாதையில் இருக்கிறார்கள். அந்த மூன்று பேருக்கு என்ன உதவி தேவைப்பட்டது என்பதைத்தான் உங்களுக்கு விசேடமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது பெரிய உதவியே இல்லை. முதல் நியமனம் வழமையாக ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். பொதுச் சுகாதாரப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் சுற்றுநிருபம் வந்தது ஒருத்திக்குத் தெரிந்தபோது கடைசித் திகதிக்கு இரண்டு நாள். அமைச்சில் வேலை செய்து இளைப்பாறிய நமது அக்கா ஒருவர் இப்போது சுற்றுநிருபங்களைப் பார்த்து எங்கள் குழுவுக்கு அனுப்புகிறார். இன்னொருத்திக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. மற்றவளுக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. தங்க இடமில்லை என்று தகப்பன் அனுப்ப மறுத்தார். வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு பழைய மாணவி, தகப்பனோடு தானே பேசி, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார். கட்டடம் கட்டவும் மேசை வாங்கவும் நம் சங்கத்துக்குப் பணம் வருகிறது, நன்றி. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை அந்த வெள்ளவத்தை வீட்டின் ஓர் அறையால் திரும்பியது.

வெளிநாடுகளில் இருக்கிற தாதியச் சகோதரிகளே, போகாதே என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் போனவர்கள், மீதிப்பேரின் வீட்டுக் கூரை போனவர்களின் காசில் போட்டது. உங்களிடம் கேட்பது வேறு. உங்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வெளியே வேலை செய்கிறீர்கள். பிரித்தானியாவில் வீடு தேடிப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்க்கிற சுகாதாரத் தாதியாவதற்கு, பதிவுபெற்ற தாதியாகவோ மருத்துவிச்சியாகவோ இருந்து, அதற்கு மேல் தனிப் படிப்பும் படிக்க வேண்டும். மெல்பேர்ண் பக்கம் தாய் சேய் நலத் தாதிக்கு, தாதியப் பதிவும் மருத்துவிச்சிப் பதிவும் போதாமல் அதற்கு மேலும் ஒரு தகைமை கேட்கிறார்கள். அங்கே அது படித்தவர் ஏறுகிற படி. இங்கே புள்ளி குறைந்தவர் போகிற இடம் என்று நினைக்கிறோம். இதை என் வாயால் சொன்னால் பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நீங்கள் உங்கள் கார்ப் பெட்டியைத் திறந்து, கட்டுத்துணிப் பெட்டியைக் காட்டி, இன்றைக்கு எத்தனை வீட்டுப் படி ஏறினேன் என்று காணொளியில் ஒரு அரைமணி நேரம் பேசினால் நம்புவார்கள்.

அன்றைக்கு நான் விசரா என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு, போன வருடம் தயங்கித் தயங்கி ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சு டொக்டர்" என்று எழுதினாள். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தன் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரைக் கண்ணோடு நமது மாணவிகளோடு பேசுகிறாள். புண் பார்ப்பது எப்படி என்று அவள் சொல்லிக்கொடுப்பதைப் போல என்னால் முடியாது. அங்கேயே சமுதாயத் தாதியத்துக்கு மாற விண்ணப்பித்திருக்கிறாளாம்.

கடைசியாக ஓர் அறிவித்தல், செயலாளர் அக்கா மன்னிக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பாடசாலை முன்வாசலிலிருந்து புறப்படுகிறோம். பெயர் தந்தவர்கள் பதினான்கு பேர், கைவசம் ஐந்து ஸ்கூட்டி. இருவர் இருவராகப் போனாலும் இன்னும் இரண்டு வேண்டும். தலைக்கவசத்தோடு தருகிறவர்கள் வெளியே கேசரி மேசையடியில் என்னைச் சந்திக்கவும்.